வாய்க்கால் மேல் நிறுத்திய கார்

கார் வாங்கியதில் தப்பில்லை. அதற்கு நானே ஆயில் மாற்றுகிறேன் என்று கிளம்பியதுதான் தப்பு. என் மனைவி இதைப் பலமுறை சொல்லிச் சொல்லி, இப்போது நானே முந்திக்கொண்டு சொல்லப் பழகிவிட்டேன்.

எழுபதுகளில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் பக்கத்து விவசாயிகள் வீட்டில் கார் இருப்பது அபூர்வம். நான் பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடமிருந்து பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கி வந்தேன். ஊரே கூடி வந்து பார்த்தது. என் பெரியப்பா மகனும் வந்தார். என்னைவிடப் பத்து மாதம் மூத்தவர். அந்தப் பத்து மாதத்தை வைத்துக்கொண்டே ஆயுள் முழுக்க என்னை அதட்டியவர். காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும், "இந்தக் காசுக்கு நாலு எருமை புடிச்சிருந்தா பாலாச்சும் கறந்திருக்கலாம்" என்றார்.

எனக்கு எப்போதும் மூக்கின்மேல் கோபம். "அப்படீன்னா நீங்க எருமை மேலயே ஏறிப் போங்ணா. என்ற வண்டிப் பக்கம் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம். எதிரெதிரே வந்தால் அவர் தென்னை மரத்தைப் பார்ப்பார், நான் செருப்பைப் பார்ப்பேன். என் மனைவியும் அவர் மனைவியும் மட்டும் வழக்கம்போல மோரும் கறிவேப்பிலையும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சண்டையை அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு அவர்கள் மேலும் கோபம்.

காருக்கு ஆயில் மாற்ற வேண்டுமென்றால் பொள்ளாச்சிக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு மெக்கானிக் இருந்தார். வண்டியை விட்டால் மூன்று நாள் கழித்து வரச் சொல்வார். மூன்றாம் முறை அப்படி விட்டுவிட்டு, சொன்ன நாளில் பஸ் ஏறிப் போய் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் என் கார் என்னைக் கடந்து போயிற்று. உள்ளே மெக்கானிக், அவர் மனைவி, மாமியார், மடியில் தேங்காய் பழத் தட்டு. எல்லார் நெற்றியிலும் விபூதி. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார்கள். மாமியார் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

இனி என் காருக்கு நானே ஆயில் மாற்றுவேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்குத் தெரியாத வேலையா? எங்கள் கிணற்று மேட்டில் ஒரு ஆயில் இன்ஜின் இருந்தது. அதற்கு நான் எத்தனையோ முறை ஆயில் மாற்றியிருக்கிறேன். கார் என்பது என்ன, சக்கரம் வைத்த பம்புசெட்தானே என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "அந்த இன்ஜின் நீங்க நின்னுட்டே செய்யற ஒசரத்துல இருக்குதுங்க. இதுக்கு அடியில படுக்கோணும். உங்க வயித்த எங்க வெப்பீங்க?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். நான் அப்போதே கொஞ்சம் கனமான ஆள். காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். மூச்சை வெளியே விட்டால் இடம் இருந்தது, உள்ளே இழுத்தால் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் தரையில் பள்ளம் தோண்டி, அதன் மேல் வண்டியை நிறுத்தி வேலை செய்வார்கள். என் வீட்டில் பள்ளத்துக்கு எங்கே போவது என்று யோசித்தபடி களத்தில் நின்றபோது, பள்ளம் என் காலடியிலேயே இருந்தது.

எங்கள் களத்தின் ஓரமாக ஒரு வாய்க்கால் போகும். இரண்டடி அகலம், முழங்கால் ஆழம், இரண்டு பக்கமும் கெட்டித் தரை. அணையிலிருந்து வரும் கனால் தண்ணீர் அதில்தான் பாயும். முதலில் மேல்மடைக்காரர் வயல், அப்புறம் எங்கள் களம், களத்தைத் தாண்டினால் என் நாற்றங்கால், அதற்கும் கீழே கடைமடையில் அந்தப் பெரியப்பா மகன் அண்ணனுடைய வயல். ஒவ்வொருவருக்கும் இன்ன நாள், இன்ன நேரம் என்று முறை உண்டு. ஒருவர் முறையில் இன்னொருவர் மடையைத் திறந்தால் அது திருட்டு. எங்கள் பக்கம் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் அந்தத் திருட்டுக்காகத்தான். மற்ற நேரத்தில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். காரை வாய்க்காலின் மேல், இந்தப் பக்கம் இரண்டு சக்கரம் அந்தப் பக்கம் இரண்டு சக்கரமாக நிறுத்திவிட்டால், நான் உள்ளே மல்லாந்து படுத்து, வயிற்றுக்கும் இடம் விட்டு, சௌகரியமாக வேலை செய்யலாம். இப்படி ஒரு யோசனை பொள்ளாச்சி மெக்கானிக்குக்கு ஏழு ஜென்மத்திலும் வராது என்று பெருமையாக இருந்தது.

நாளையும் பார்த்துத்தான் குறித்தேன். அன்று மதியம் இரண்டு மணி வரை மேல்மடைக்காரர் முறை. இரண்டுக்கு மேல்தான் அண்ணன் முறை, அப்போதுதான் தண்ணீர் எங்கள் களத்துக்குள் வரும். நான் காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் பத்துக்குள் முடிந்துவிடும். அந்தத் தண்ணீரை அண்ணன் எவ்வளவு எதிர்பார்த்துக் காத்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். அவருக்குக் கிணறு கிடையாது. அவருடைய நாற்றங்கால் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. அந்த முறை தவறினால் நாற்று கருகிவிடும்.

காலையில் காரை ஊரைச் சுற்றி ஓட்டி இன்ஜினைச் சூடாக்கினேன். சூடானால்தான் ஆயில் இளகி இறங்கும். வாய்க்காலைக் கடக்கும் பலகைக்கல்லின் மேல் ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றி அந்தப் பக்கம் இறக்கி, மனைவி "இன்னும் ஒரு சாணுங்க, போதுமுங்க, ஐயோ போதுமுங்க!" என்று கத்த, சரியாக நிறுத்தினேன். பழைய ஆயிலைப் பிடிக்க அவளுடைய பெரிய அலுமினியப் பேசினைக் கேட்டேன். துணி அலசும் பேசின் அது. கொடுக்கும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

உள்ளே படுத்து, எண்ணெய்த் தொட்டியின் அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். அன்று நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். கன்னங்கரேலென்று ஆயில் பேசினில் இறங்கியது. பார்க்கப் பார்க்க ஆனந்தமாக இருந்தது. தாரை மெலிந்து சொட்டாகி, சொட்டும் நின்றது. அப்படியே கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கிடந்தேன். முதுகு ஜில்லென்றது. சட்டை வேர்வையில் நனைந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். வேர்வை காதுக்குள் ஏறியபோதுதான் சந்தேகம் வந்தது.

நடந்தது பிற்பாடு தெரிந்தது. மேல்மடைக்காரர் வீட்டில் அன்று பெண் பார்க்க வந்துவிட்டார்கள். வயலில் நிற்க ஆள் இல்லை. அதனால் அவர் தன் மீதி நேரத்தை அடுத்த முறைக்காரரான என் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். வழக்கப்படி அண்ணன் வாய்க்கால் வழியில் இருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். பேச்சுதான் இல்லையே. நானும், வாய்க்காலை அடைத்து வேலை செய்கிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை.

நான் காருக்கு அடியிலிருந்து நெளிந்து நெளிந்து வெளியே வருவதற்குள், பேசின் மிதந்து கிளம்பிவிட்டது. கவிழவில்லை, தளும்பவில்லை. நாலு லிட்டர் கறுப்பு ஆயிலைச் சுமந்துகொண்டு கல்யாண ஊர்வலம் போல நிதானமாக என் நாற்றங்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் வரப்பில் ஓடினேன். கொஞ்ச தூரத்தில் அண்ணன் தன் மடையைத் திறந்து வைத்துவிட்டு, மண்வெட்டியோடு தண்ணீருக்காகக் காத்து நின்றார். பேசின் நேராக அவரிடம்தான் போகிறது. "அண்ணா, அதப் புடிங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குனிந்து எடுத்து வைத்துவிடுவார்.

இரண்டு வருஷமாகப் பேசாத மனுஷனிடம் முதலில் நான் போய்ப் பேசுவதா? அதுவும் எண்ணெய் பூசிய மூஞ்சியோடு, அந்தக் காருக்காகவா? தொபீரென்று வாய்க்காலில் குதித்துப் பேசினைப் பாய்ந்து பிடித்தேன். என் கனத்துக்கு எழும்பிய அலையில் அது என் கையிலேயே கவிழ்ந்தது.

தண்ணீர் கறுத்தது. கறுப்பு விரிந்து கீழே நகர்ந்தது. கீழே அவருடைய மடை திறந்து கிடக்கிறது. அதற்கு அந்தப் பக்கம், தாகத்தில் வாய் பிளந்து கிடக்கும் நாற்றங்கால். சண்டை, ரோஷம் எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எண்ணெயை முந்திக்கொண்டு முன்னால் ஓடினேன். என் நாற்றங்காலின் மடை அங்கேதான் இருந்தது. காலால் உதைத்து உடைத்தேன். தண்ணீரை என் பக்கம் திருப்ப வாய்க்காலை அடைக்க வேண்டும். கையில் மண்வெட்டி இல்லை. ஆகவே வாய்க்காலின் குறுக்கே நானே உட்கார்ந்தேன். இரண்டடி அகலம் எனக்குச் சரியாக இருந்தது. ஒரு சொட்டு கசியவில்லை. கறுப்புத் தண்ணீர் மொத்தமும் திரும்பி என் நாற்றங்காலுக்குள் போயிற்று.

அண்ணன் பார்த்தது வேறு. அவர் முறையில், அவர் தண்ணீர் திடீரென்று நின்றது. மேலே பார்த்தால் நான் என் மடையைத் திறந்துவிட்டு வாய்க்காலை அடைத்து உட்கார்ந்திருக்கிறேன். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏண்டா! என்ற மொறையில, என்ற தண்ணியவா மறிக்கறே? எந்திரிடா!"

"மாட்டனுங்ணா!"

"எந்திரிக்கறயா, வெட்டட்டுமா?"

"வெட்டுங்ணா! எந்திரிச்சா உங்க நாத்துக்கு எண்ணெய் வந்துருமுங்ணா!"

அப்போதுதான் அவர் தண்ணீரைப் பார்த்தார். என் நாற்றங்காலையும் பார்த்தார். பச்சைப் பயிரின் கழுத்து வரை கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. தூக்கிய மண்வெட்டி இறங்கியது.

"உன்ற நாத்துடா அது," என்றார். குரல் மாறியிருந்தது.

"போனாப் போகுதுங்ணா."

"கிறுக்குப் பயலே" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் மண்ணை வெட்டிப் போட்டு வாய்க்காலை அடைத்தார். நான் எழுந்தேன். எண்ணெய்த் தண்ணீர் முழுக்க வடியும் வரை இரண்டு பேரும் வரப்பிலேயே நின்றோம். தண்ணீர் தெளிந்ததும் என் மடையை அவரே மூடி, வாய்க்காலைத் திறந்துவிட்டு, தன் தண்ணீருக்குப் பின்னாலேயே போய்விட்டார். அதற்கப்புறம் எதிரில் பார்த்தபோது மறுபடியும் தென்னை மரத்தைத்தான் பார்த்தார்.

பையிலிருந்த போல்ட்டை மாட்டிப் புது ஆயிலை ஊற்றினேன். கார் பிரமாதமாக ஓடியது. நாற்று பத்து நாளில் பழுத்துப் படுத்துவிட்டது. அந்தக் காரிலேயே வேலந்தாவளம் வரை போய் நாற்று கேட்டுப் பார்த்தேன். நடவுக் காலத்தில் யார் கொடுப்பார்கள்? அவரவருக்கே பற்றாக்குறை. அந்தப் போகம் அவ்வளவுதான் என்று மனதை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலையில் என் வயல் வரப்பில் நாற்றுக் கட்டுகள் வந்து இறங்கின. நடவுப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டு வந்து அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் வரப்பில் நின்று, தென்னை மரத்தைப் பார்த்தபடி, "மிச்சமாப் போச்சு. மாட்டுக்குப் போடறதுக்கு இங்க போடலாமுன்னு" என்றார். என் வயல் முழுக்க நட்டாயிற்று. மிச்சம் இவ்வளவா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் புத்தி அப்படி.

ஒரு வாரம் கழித்து மனைவியோடு காரில் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் வயலைத் தாண்டும்போது அவள் என் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, நிறுத்துங்க. அதப் பாருங்க."

அவருடைய வயல்களில் தண்ணீர் நன்றாகப் பாயும் பெரிய வயல் அது. உழுது, பரம்படித்து, தண்ணீர் கட்டி, நடாமல் கிடந்தது. ஒரு கொக்கு நின்றிருந்தது.

வண்டியைத் திருப்பி நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்றபடியே, "மிச்சமுன்னு சொன்னீங்களே, அந்தப் பெரிய வயலு ஏனுங்ணா சும்மா கெடக்குது?" என்று கேட்டேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "என்ற வயலு. நடுவேன், நடாமப் போடுவேன். உனக்கென்னடா?" என்றார்.

யார் எது சொன்னாலும் பதில் சொல்லாமல் விட்டதில்லை நான். அன்றைக்கு அழுகைதான் வந்தது, அவர் மனைவிக்கு முன்னால், என் மனைவிக்கு முன்னால். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பி, "இன்னொரு வட்டல்ல சோறு வெய்யி!" என்று அதட்டினார்.