பச்சை நூல் கட்டிய ஈர்க்குகள்

கொழும்பு புறக்கோட்டைச் செருப்புக் கடையில் அன்று றெனால்டுக்குக் கிடைத்த வேலை, ஈர்க்குக் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான். ஒவ்வொரு ஈர்க்கும் ஊரில் யாரோ ஒருவரின் கால் நீளத்துக்கு நறுக்கியது. யாருடையது என்று தெரிய நுனியில் ஒரு நிற நூல். அம்மா மார்த்தா ஒவ்வொன்றாக வாங்கிச் செருப்பின் மேல் வைத்துப் பார்த்தார். சரியென்றால் செருப்பைப் பைக்குள் போட்டுவிட்டு ஈர்க்கை முறித்து எறிந்தார். முறித்தால் அந்தக் கால் முடிந்தது.

"மார்த்தாக்கா, செருப்பு வாங்க வந்தீங்களா, விளக்குமாறு விக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"உங்கட கடை வாசலைப் பாத்தா விளக்குமாறுதான் வேணும் போல கிடக்கு."

றெனால்டுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முகம் ஒத்துழைக்கவில்லை. விமானம் விடியற்காலையில் இறங்கியிருந்தது. அவனைக் கூட்டிப்போக மன்னாரிலிருந்து பஸ் ஏறி வந்த மார்த்தா, வந்ததோடு வந்ததாகச் செருப்பையும் வாங்கிவிடுவோம் என்றார். இங்கே காலை பதினொன்று. ரொறொன்ரோவில் பழகிய அவன் உடம்புக்கு அது இரவு ஒன்றரை. மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் "வழி, வழி" என்று கத்தியபடி வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்பதுபோல் இருந்தது. தரை மெல்ல ஆடியது.

அவன் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் தொழில்நுட்பவியலாளன். அந்த மயக்கத்திலும் ஒன்று கண்ணில் பட்டது.

"அம்மா, இந்தப் பிள்ளையளின்ர ஈர்க்கெல்லாம் ஒரு சென்ரிமீற்றர் கூட. நானாட்டானில அந்தச் சின்னப் பிள்ளை அபிசாவின்ர காலை அளக்கேக்க போனில பாத்தனான், விரலைத் தாண்டி வெட்டினீங்கள். வடிவா அளக்கேல்ல."

"வளருற பிள்ளைக்கு ஒரு நகம் கூட வைச்சுத்தான் வெட்டுறது. பிள்ளையின்ர கால் உன்ர மிசின் மாதிரி நிண்ட இடத்தில நிக்குமே?"

இந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. கணவர் பெனடிக்ற் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனதற்கு அடுத்த வருடம், மார்த்தா மகனோடு போரில் வங்காலையிலிருந்து இடம்பெயர்ந்து மடுக் கோயில் முகாமில் இருந்தார். அங்கே ஒருநாள் சாக்கு மூட்டைகளில் செருப்பு வந்தது. முண்டியடித்தவர்களுக்குக் கிடைத்தது, யாருக்கும் அளவில்லை. மார்த்தா ஒரு ஓலையைக் கிழித்து ஈர்க்கெடுத்து, ஒவ்வொரு கொட்டிலாகப் போய்க் கால்களை அளந்தார். இரண்டு நாளில் முகாமுக்குள்ளேயே செருப்புகள் கைமாறிச் சரியான கால்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மீளக் குடியேறியபின் அவர் கருவாட்டுக் கூடையோடு நானாட்டானுக்கும் கொண்டச்சிக்கும் போய்வந்தார். போன வீடுகளில் கால் நீட்டினார்கள். அளந்தார்; கொழும்புக்குப் போகும்போது வாங்கிவந்தார்.

எல்லாம் முறித்தாயிற்று. பச்சை நூல் கட்டிய மூன்று மட்டும் மிஞ்சின. அவை கொண்டச்சி உம்மு ஸல்மாவுக்கு. இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சொந்தக் காணியைத் துப்புரவாக்கும்போது வெடித்த ஏதோ ஒன்று அவருடைய இடக்காலின் முன்பாதியைக் கொண்டுபோனது. முழுச் செருப்பைப் போட்டால் முன்பக்கம் மடிந்து விழுத்தியது. அந்தக் காலில் சீலைத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்.

கடைக்காரர் ஈர்க்குகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சின்னப் பிள்ளைச் செருப்பு நீளத்துக்குச் சரி வரும், அகலத்துக்குக் காணாது. பின்சந்தில ஒரு ஆள் தைக்கிறார். அளவு குடுத்தாச் செய்வார். பத்து நிமிச நடை."

மார்த்தா பையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். றெனால்ட் நகரவில்லை.

"அம்மா, ஏலாது. நிண்டபடியே நித்திரை வருது. அடுத்த முறை பாப்பம்."

மார்த்தா சந்துப் பக்கம் பார்த்தார். பிறகு மகனின் முகத்தைப் பார்த்தார்.

"சரி மகன். அடுத்த முறை நீ வரேக்க ரெண்டு பேருமாப் போவம்."

மூன்று ஈர்க்குகளையும் செபப் புத்தகத்துக்குள் வைத்தார். பஸ்ஸில் மன்னார் வரைக்கும் அவன் அவருடைய தோளில் சாய்ந்து தூங்கினான். பதின்மூன்றாம் நாள் திரும்பிப் போனான்.

நான்கு மாதம் கழித்து மார்த்தா கருவாடு காயப்போட்ட பாயிலேயே விழுந்தார். மாரடைப்பு. றெனால்ட் அடக்கத்துக்கு வந்து சேர்ந்தான். இம்முறை தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் உம்மு ஸல்மா வந்தார். இடக்காலில் துணி, அதன்மேல் பொலித்தீன் பை. பஸ் நிறுத்தத்திலிருந்து அப்படியே நடந்திருந்தார். கதிரையைக் காட்டியும் நிலத்திலேயே இருந்தார்.

"அம்மாவின்ர மையித்து முகத்தைப் பாக்கக் குடுத்து வைக்கேல்ல மகன். சேதி பிந்தித்தான் வந்தது."

"உங்கட கால் அளவு இஞ்சதான் கிடக்கு," என்றான் அவன்.

"தெரியும். மகன் களைச்சுப் போனான், அடுத்த முறை அவனோட போய்த் தைப்பிச்சுக்கொண்டு வாறன் எண்டவ. நான்தான் சொன்னன், காலுக்கென்ன அவசரம், பிள்ளை ஆறுதலா வரட்டும் எண்டு."

அவன் செபப் புத்தகத்தை எடுத்துவந்தான். ஒன்று வலக்காலின் நீளம். மற்றது இடக்காலில் மிஞ்சிய நீளம். மூன்றாவது குட்டையானது; இடக்காலின் அகலம். பையிலிருந்த அளவுகோலை எடுத்து அளந்தான். இருபத்துமூன்று சென்ரிமீற்றர். பதினைந்தரை. ஒன்பது.

"காஞ்சு குறுகியிருக்குமோ?" என்று கேட்டார் உம்மு ஸல்மா.

"ஈர்க்கு நீளவாக்கில குறுகாது." அளவுகோலைக் கீழே வைத்து, "ஒருக்கா வைச்சுப் பாக்கட்டோ?" என்றான்.

அவர் தயங்கினார். பிறகு பொலித்தீனைக் கழற்றித் துணியை அவிழ்த்தார். றெனால்ட் குனிந்து ஈர்க்கைக் காலோடு பிடித்தான். ஒரு மயிரளவும் வித்தியாசம் இல்லை. ஒரு நகம் கூட வைக்கப்படவில்லை. இந்தக் கால் இனி வளராது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

அவன் பச்சை நூலை மறுபடி சுற்றி முடிச்சுப் போட்டான். மூன்றும் முறியாமல் இருந்தன. புறக்கோட்டையில் அந்தப் பின்சந்து எந்தப் பக்கம் என்று அன்றைக்கு அவன் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.