மெசினில் பட்ட சந்தனம்

1981 மார்ச் 25, புதன்கிழமை, காலை பத்தேகால் மணி. காற்றில்லாத வெயில். எங்கள் ஊர் முரசுமோட்டையில், கோடை விதைப்பான சிறுபோகத்துக்குரிய கூட்டம். குளத்துத் தண்ணீர் எந்தக் காணிகளுக்கு என்று முடிவாகும் இடம் அது. அன்று எழுந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் என் மூன்று ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் கிடைத்திருக்கும். எழுந்தேன். சொல்ல முடியவில்லை.

அடியார்களே, எனக்கு ஆறு வயதிலிருந்து திக்குவாய். கனகசபை என்ற என் பெயரின் முதல் எழுத்திலேயே தொண்டை பூட்டிக்கொள்ளும். தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். ஒரு நாளாவது என்னை முன் யன்னலில் இருத்தவில்லை. பின்னறையில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தேன். கோயிலில் ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டால் என் மனைவி பாக்கியம்தான் சொல்லுவா. கடையிலும் அவாதான், பஸ்ஸிலும் அவாதான். 1980 கார்த்திகையில் அவா போய்விட்டா. எனக்காகப் பேச ஆளில்லை.

அந்தக் கூட்டத்தில் மேல்வாய்க்கால் சின்னராசா எழுந்தான். தண்ணீர் குறைவு, மதகுக்குக் கீழே உள்ள காணிகளை இம்முறை விட்டுவிடலாம் என்றான். மதகுக்குக் கீழே ஆறு குடும்பங்கள். படித்தவன் என்று மற்ற ஐந்து குடும்பத்தாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எழுந்து "க... க..." என்று நின்றேன்.

"ஐயாவுக்கு ஸ்ரார்ட் வருதில்லை. ரெண்டு பேர் பின்னாலை நிண்டு தள்ளிவிடுங்கோடா!" என்றான் சின்னராசா.

கூட்டம் முழுவதும் சிரித்தது. தலைமை தாங்கியவரும் சிரித்துவிட்டு, "அப்ப ஆட்சேபனை இல்லைத்தானே?" என்று அடுத்த விஷயத்துக்குப் போனார். ஆறு குடும்பத்தின் வயலும் அந்தப் போகம் வெடித்துக் கிடந்தது.

வாய்க்கால் கரைப் பிள்ளையாரிடம் போனேன். மனதுக்குள் பேசுவதற்குத் திக்கல் இல்லை. "ஒரு நாக்கைத் தா. இல்லையென்றால் என்னைப் பாக்கியத்திடம் அனுப்பிவிடு" என்று அழுதேன். தினமும் இதையே கேட்டேன்.

லண்டனில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு எழுதினேன். ஆவணியில் ஒரு மெசின் அனுப்பினான். கழுத்தில் கட்ட ஒரு பட்டி. அதிலுள்ள சிறு வில்லை குரல்வளையில் படவேண்டும். சட்டைப் பையில் ஒரு பெட்டி. அதிலிருந்து டொக்டர்மார் மாட்டுவதுபோல இரண்டு காதுக்கும் குழாய். நாம் குரல் எழுப்பியவுடன் காதில் பெரிதாக இரையும். நம் குரல் நமக்கே கேளாது. கேளாவிட்டால் திக்கல் குறையுமாம். பேச்சு நின்றால் இரைச்சலும் நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு மிஸ்ஸிடம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை பஸ்ஸில் போனேன். மெசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவா சொன்னா: "ஐயா, சைக்கிள் பழகேக்கை பின்னாலை ஒராள் பிடிப்பார்தானே, அதுதான் இது. ஓடவேண்டியது நீங்கள்தான்."

முதலில் மூச்சை மெல்ல வெளியே விட வேண்டும். அந்த மூச்சின் மேலேயே முதல் எழுத்தை இழுத்து வைக்க வேண்டும். பாதி நேரம் மெசினோடு, பாதி நேரம் மெசின் இல்லாமல். தை மாதமளவில் வீட்டில் மெசினோடு பத்துத் தரத்தில் எட்டுத் தரம் என் பெயர் வந்தது; இல்லாமல் நாலு தரம். ஊரார் முன்னால் மட்டும் வரவில்லை. மூச்செடுக்க நிறுத்துவேன், இரைச்சலும் நிற்கும், அந்த இடைவெளியில் யாரோ சிரிப்பது காதில் விழும். பிறகு பூட்டுத்தான்.

அடுத்த சிறுபோகக் கூட்டம் 1982 மார்ச் 24. புது உழவு மெசினைக் கோயிலுக்குக் கொண்டுபோவதுபோல, விடியவே இந்த மெசினையும் கொண்டுபோனேன். பெட்டியை இடுப்பில் செருகி, சட்டை இல்லாத மேலில் பட்டியும் குழாயுமாகக் கோயில் வீதி சுற்றியபோது, "என்ன ஐயா, வீட்டுக்குக் கறண்ட் எடுத்துப்போட்டியளோ?" என்று ஒருவன் கேட்டான். மெசினைக் கழற்றிச் சந்நிதியில் வைத்தேன். ஐயர் தண்ணீர் தெளித்தார். பிறகு சந்தனத்தைக் கிண்ணத்தோடு எடுத்தார். "வே... வே..." என்றேன். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வில்லையிலும் பெட்டியிலும் அப்பிவிட்டார்.

துடைத்து மாட்டினேன். நான் வாயே திறக்கவில்லை, இரையத் தொடங்கிவிட்டது. நிற்கவேயில்லை. கூட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் ஐயரைத் திட்டினேன். பிள்ளையாரையும் திட்டினேன். கழற்றி எறியவும் துணிவில்லை.

கூட்டத்தில் சின்னராசாவின் வாய் அசைந்தது. கை மதகுப் பக்கம் நீண்டது. எழுந்தேன். மூச்சை விட்டேன்.

"கனகசபை. கடைசிக் காணி. போன முறை மதகுக்குக் கீழை எங்களை விட்டியள். ஆட்சேபனை இல்லையெண்டு எழுதினியள். எனக்கு ஆட்சேபனை இருந்தது. கதைக்க விடேல்லை. இந்த முறை எங்களுக்குத் தண்ணி வேணும்."

இரண்டு இடத்தில் இழுபட்டது. நின்று, மூச்செடுத்து, திரும்பத் தொடங்கி, முழுவதும் சொல்லிவிட்டு அமர்ந்தேன். போன முறை விடுபட்டதால் இம்முறை கீழ்க்காணிகளுக்குத்தான் தண்ணீர் என்று முடிவானதை, மெசினைக் கழற்றிய பிறகே அறிந்தேன்.

மலைநாட்டிலிருந்து வந்து என் பக்கத்துக் காணியில் விதைக்கும் வேலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தா. "எப்பிடிக் கத்துனாங்க! றேடியோவ நிப்பாட்டு நிப்பாட்டுன்னு சின்னராசா குதிச்சாரு. எல்லாம் சிரிச்சாங்க. நீங்க திரும்பிக்கூடப் பாக்கலையேங்கய்யா!"

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதியிலேயே அமர்ந்திருப்பேன்.

நான் நாக்கைக் கேட்டேன். பிள்ளையார் என் காதை அடைத்தார். அறுபது வருடமாக என்னைப் பூட்டிவைத்தது பாதி என் தொண்டை, பாதி இந்த ஊரின் சிரிப்பு என்பதை அவர் அறிந்திருந்தார். ஊர் இன்னும் அறியவில்லை.

மிஸ்ஸிடம் சொன்னபோது, "மெசின் பழுதாப் போச்சுது ஐயா. கதைச்சது நீங்கள்" என்றா. பயிற்சியை விடவில்லை. திருத்திய மெசின் இப்போது பெரும்பாலும் அலுமாரியில் இருக்கிறது. அர்ச்சனைக்குப் பெயரை நானே சொல்கிறேன். பாக்கியத்தின் பெயரையும் சொல்கிறேன். சின்னராசா இப்போது, "ஐயா, எங்கடை பக்கத்துக்கும் ஒருக்கால் கதையுங்கோ" என்று வருகிறான். அவனை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதையும் பிள்ளையாரிடமே கேட்டிருக்கிறேன்.

வாய் பூட்டிக் கிடப்பவர்களே, நீங்களும் அவரிடம் கேளுங்கள். பயிற்சியையும் செய்யுங்கள். கேட்டது வேறு வழியால் வந்தால் என்னைப்போல் அவசரப்பட்டுத் திட்டாதீர்கள்.

மெசினுக்குக் கட்டிய சுங்கம், பஸ், பயிற்சி, பற்றறி, திருத்தக்கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூற்று எண்பத்தாறு ரூபா ஐம்பது சதம். அந்த ஐம்பது சதம், சந்தனம் அப்பிய ஐயருக்கு நான் முணுமுணுத்துக்கொண்டு போட்ட தட்சணை.