லூர்தம்மாளின் வலது கால்

மேட்டுப்பட்டி லூர்தம்மாளுக்கு இருந்த ஒரே சொத்து அவளுடைய வலது கால். தாய் வயிற்றிலிருந்து அதுதான் முதலில் வெளியே வந்தது. கால் முன்னே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்பது ஊரறிந்த சாஸ்திரம். ஆகவே கணவன் செத்த பிறகும் வீட்டுக்கு ஆள்வரத்துக்குக் குறைவில்லை. நொண்டிக்கொண்டு வருவார்கள், மிதி வாங்குவார்கள், போவார்கள். உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசும் வியாதி மட்டும் எவருக்கும் வரவில்லை.

மிதியென்னவோ கோழி குஞ்சை மிதிக்கும் மிதிதான். பிறகு, தர்மாஸ்பத்திரி நர்சம்மா சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பாள்: "உருவாதே, இழுக்காதே. ஈரத்துணியச் சுத்தி, தலகாணியிலே காலத் தூக்கி வச்சுப் படு. நடக்காதே. ஊனவே முடியலைன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடு." காலை ஊன்ற முடியாதவன் எப்படி ஓடுவான் என்று யாரும் கேட்டதில்லை. வீக்கம் வற்றினால் புகழெல்லாம் காலுக்கு. தலையணைக்கு ஒரு கும்பிடு கிடையாது.

அறுபத்திரண்டாம் வருஷக் கோடையில் குழாயடிப் பாசியில் அந்தச் சொத்தே வழுக்கிச் சுளுக்கிக்கொண்டது. தன் காலைத் தானே மிதித்துக்கொள்ளச் சாஸ்திரத்தில் இடமில்லை. நல்லவேளை, ஊன்ற முடிந்தது. துணி சுற்றித் தலையணையில் காலை ஏற்றினாள். 'நடக்காதே' என்பதில்தான் இடறியது. அந்த மருந்துக்கு வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும் என்று நர்சம்மா சொல்லவில்லை. மறுநாள் விடிவதற்குள் பானை வறண்டது.

காலையில் தாடிக்கொம்பில் பூ விவசாயம் பார்க்கும் சம்சாரி உடையப்பன், மனைவி பழனியம்மாளின் தோளைப் பிடித்தபடி நொண்டி வந்தான். வரப்பில் கணுக்கால் மடங்கிவிட்டதாம்.

"யக்கா, செத்த மிதிச்சு விடுங்க."

தன் கதையைச் சொல்லலாம்தான். ஆனால் சுளுக்கிய காலைத் தேடி எவன் வருவான்? சேலையை இழுத்துத் துணிக்கட்டை மூடினாள்.

"புதுத்தண்ணி தொட்டுத்தான் மிதிக்கணும். ஏத்தா பழனி, அந்தக் குடத்த எடுத்துக்கிட்டுக் குழாயடிக்குப் போ."

"போன தடவ கேக்கலையேக்கா?"

"அது மொழங்காலு. இது கணுக்காலு!"

குழாயடியில் நீண்ட வரிசை. வேறு வழியின்றி உடையப்பன் உட்கார்ந்து, மல்லிகை மொட்டைத் துளைக்கும் புழுவைப் பற்றிச் சொல்லலானான். அவள் பூசைப் பிரசங்கம்போலக் கேட்டாள்.

"அப்பறம்?"

"அப்பறம் என்னக்கா, ஒரு மருந்தடிச்சேன் பாருங்க..."

குடம் வந்துவிட்டது. உட்கார்ந்தபடியே தண்ணீரைத் தொட்டு மிதித்து, பாடத்தை ஒப்பித்தாள். உடையப்பன் பக்தி முற்றி, அவள் வலது காலைச் சேலையோடு சேர்த்து இரண்டு கையாலும் இறுகப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"யேசுவே!" என்று அலறினாள்.

"பாத்தியா புள்ள, நமக்காக எம்புட்டு வேண்டிக்கிறாக!"

"நாளைக்கும் வரணும், அப்பு. புதுத்தண்ணியோட."

"எதுக்குக்கா? இப்பவே பாதி போயிருச்சு."

போய்விட்டார்கள். லூர்தம்மாள் குடத்துத் தண்ணீரைக் குடித்து, துணியை நனைத்து, காலை மறுபடி தலையணையில் ஏற்றினாள். புழுவுக்கு என்ன மருந்து அடித்தான் என்பதை அவன் சொல்லவே இல்லை.