ரோடு ரோலரிடம் பிடிபட்ட சடுகுடு வீரர்

மாட்டு வண்டி மோதி விழுந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் மோதிப் பல்லைப் பறிகொடுத்தவர் உங்கள் தெருவிலேயே ஒருத்தர் இருப்பார். ரோடு ரோலரில் மாட்டிக்கொண்ட ஆளைப் பார்த்ததுண்டா?

நான் பார்த்தேன். பொங்கல் கழிந்த கையோடு, உத்திரமேரூரில், என் மச்சினன் சபாபதியின் வாசலில். கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு ஒரு வாட்டசாட்டமான மனுஷர் நின்றார். வலது பாதத்தில் முன்பாதி இல்லை. பக்கத்தில் அவர் மனைவி, கையில் ஒரு துணிப்பை.

சபாபதி வக்கீல். வரப்புச் சண்டை, வாய்க்கால் சண்டை, அண்ணன் தம்பிச் சண்டை – இவைதான் அவனுடைய பிழைப்பு. நான் அவன் வீட்டு பில்டர் காப்பிக்காக அடிக்கடி போகிறவன். அன்றைக்கும் அதற்குத்தான் போயிருந்தேன்.

"ரோலர் ஏறிடுச்சாமே?" என்று கேட்டான் சபாபதி.

"லாரி சார்" என்றார் அவர்.

"ரோலர்னு சொன்னாங்களே?"

"லாரி சார். பெரிய லாரி."

பேர் மாசிலாமணி. திருப்புலிவனத்துக்காரர். நிலம் நீச்சு கிடையாது. நடவு, அறுவடை இருந்தால் வயல். இல்லாவிட்டால் கிடைத்த கூலி வேலை. ஐந்தாண்டுத் திட்டம் எங்கள் பக்கமும் எட்டிப் பார்த்து, பெருநகர் போகிற மண் ரோட்டுக்குத் தார் போட ஆரம்பித்தார்களே... அதில் தார் ஊற்றுகிற வேலைக்குப் புருஷன், ஜல்லிக் கூடை தூக்குகிற வேலைக்கு மனைவி எஸ்தர். மார்கழியில் ஒரு நாள் அந்த ரோட்டிலேயே பாதம் போயிற்று.

இங்கே ஒரு சந்தேகம் வருமே உங்களுக்கு? எனக்கும் வந்தது. ரோடே போட்டு முடிக்காத இடத்தில் லாரி எப்படி வந்தது? ஜல்லியே அங்கே மாட்டு வண்டியில்தான் வந்துகொண்டிருந்தது.

மாசிலாமணி அசையவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள் – லாரி என்றார். டீக்கடையில் கேட்டார்கள் – லாரி என்றார். மாதா கோயிலில் பாதிரியாரிடமும் லாரிதான். ரோடு காண்ட்ராக்டருக்கு இதைக் கேட்டுப் பாயசம் சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ பாவம், லாரியா? நம்ம கிட்ட லாரியே கிடையாதே!" என்று சொல்லி, இரண்டு ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சபாபதி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தான். வேலை செய்யும்போது, அந்த வேலையாலேயே அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிற சட்டம். ஆனால் யாரோ ஒருவனுடைய லாரி, எங்கேயோ போகிற வழியில் இடித்தது என்றால் காண்ட்ராக்டரை எப்படிக் கேட்பது?

"லாரிதான் சார்" என்றார் மாசிலாமணி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

அதற்கு மேல் எஸ்தருக்குத் தாங்கவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"இன்னா லாரி? எந்த ஊரு லாரி? இன்னும் எத்தினி நாளைக்கு இந்த லாரிய ஓட்டிக்கினு இருப்ப? வூட்டுல அடுப்பு எரியல. ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது. உன் மானத்த உலையில போட்டா சோறாவுமா? சொல்லேன்... சார், இந்த ஆளு சடுகுடு ஆடுற ஆளு சார். அதான் பேஜாரே!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திருப்புலிவனம் மாசிலாமணி! சாலவாக்கத்து ஆட்கள் ஏழு பேர் சேர்ந்து அமுக்கினாலும் விலாங்கு மாதிரி நழுவிக் கோட்டைத் தொட்டுவிடுகிற மாசிலாமணி! அவரை மனுஷர்கள் யாரும் பிடித்ததில்லை. பிடித்தது எது என்றால்... கன்றுக்குட்டி கூட முந்திக்கொண்டு போகிற ரோடு ரோலர்.

இதை வெளியே சொல்லிவிட்டு அந்த மனுஷர் ஊரில் எப்படி நடமாடுவார்? யோசித்துப் பாருங்கள். சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. காப்பியைக் குடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மாசிலாமணி கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"தாரு ஊத்துறவனுக்குச் செருப்பு கிடையாது சார். கால்ல சாக்கு சுத்தி, கவுறு போட்டு இறுக்கிக்குவோம். அன்னிக்கு தாரு ஒரு எடத்துல குட்டையா நின்னுடுச்சு. அதுல கால வச்சிட்டேன். சாக்கு ஒட்டிக்கிச்சு. இழுக்குறேன், வரல. இன்ஜின் வந்துக்கினு கீது. கத்துறேன். அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? முன்னாடி பாய்லரு மறைக்கும், ஓட்டுறவருக்குக் கீழ கீறது தெரியாது. கொடி காட்டுற ஆளு இருக்கணும். அந்த ஆள காண்ட்ராக்டரு நாஷ்டா வாங்கியாரச் சொல்லி அனுப்பிட்டாரு. நான் குந்திக்கினு கவுத்த அவுக்கிறேன்... முடிச்சு ஈரம், அவுரல. அது மெதுவா வருது சார். எல்லாரும் அதச் சொல்லித்தான் சிரிப்பாங்க. மெதுவா வந்ததால மொத்தமும் பாத்தேன் சார். லாரின்னா பட்டுனு அடிச்சிட்டுப் போயிருக்கும்."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

ஒருவழியாக மனு போட்டாயிற்று. பங்குனியில் மெட்ராஸிலிருந்து நஷ்டஈட்டு அதிகாரி வந்து செங்கல்பட்டில் விசாரணை. காண்ட்ராக்டர் தரப்பு வக்கீலைப் பார்த்ததும் சபாபதிக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஆறடி உயரம், அதற்கேற்ற தொந்தி, முகம் பார்க்கலாம் போல பாலிஷ் போட்ட கறுப்பு பூட்ஸ். பேர் வேண்டாம், பூட்ஸ் வக்கீல் என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் மூன்று வாதம் வைத்தார். ஒன்று – இந்த ஆள் அங்கே வேலையே செய்யவில்லை, வேடிக்கை பார்க்க வந்தவர். காலில் சாக்கு சுற்றி, கையில் தார் வாளியோடு வேடிக்கை பார்க்க வந்தார் போலிருக்கிறது! இரண்டு – இவரை இடித்தது லாரி, இவரே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். மூன்று – ஒருவேளை ரோலராகவே இருந்தாலும், காலை அவராகத்தான் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும்.

"கனம் அதிகாரி அவர்களே! இவர் சடுகுடு வீரர். ரோலரோ பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடக்கிற வண்டி. அதனிடம் ஒரு மனிதன் வேண்டுமென்றே தவிர வேறெப்படி மாட்டிக்கொள்ள முடியும்?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். எஸ்தர் மட்டும் பூட்ஸ் வக்கீலைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

அதிகாரி சிரிக்கவில்லை. "இடத்தை நேரில் பார்க்கிறேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்துத் திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில், ரோட்டில், உச்சி வெயிலில் எல்லோரும் கூடினோம். காண்ட்ராக்டர் தன் காரில் பூட்ஸ் வக்கீலை அழைத்து வந்திருந்தார். தார் பீப்பாய் கொதித்துக்கொண்டிருந்தது. ரோலர் புகை விட்டபடி நின்றது. அதை ஓட்டுகிற துரைக்கண்ணு, மார்கழியிலிருந்து மாசிலாமணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறவர், அன்றைக்கும் பாய்லருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

கொடி காட்டுகிற ஆளும் இருந்தார். அதிகாரி வருகிறார் என்று புதுச் சிவப்புக் கொடி கூடக் கொடுத்திருந்தார்கள். அது அவர் கக்கத்தில் இருந்தது. இரண்டு கையாலும் காண்ட்ராக்டருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

பூட்ஸ் வக்கீல் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "வீண் பேச்சு எதற்கு? நானே நின்று காட்டுகிறேன். ரோலர் வரட்டும். கிட்டே வந்ததும் நகர்கிறேன். என்னாலேயே முடிந்தால் சடுகுடு வீரரால் முடியாதா?"

அதிகாரி வேண்டாம் என்றார். சபாபதி வேண்டாம் என்றான். மாசிலாமணி கட்டையை ஊன்றிக்கொண்டு ஓடோடி வந்தார். "வேணாம் சார், தாரு இப்பத்தான் ஊத்திக்கீது. காலு ஒட்டிக்கும் சார்!"

"உன்னுது சாக்கு. என்னுது பூட்ஸ்" என்று சொல்லிவிட்டு, நடுரோட்டில், பளபளவென்று இருந்த இடமாகப் பார்த்து வந்து நின்றார் மனுஷர். பூட்ஸ் மாதிரியே மின்னுகிறதே என்று நினைத்தாரோ என்னவோ. துரைக்கண்ணுவுக்குக் கையசைத்து, "வரலாம்!" என்றார்.

ரோலர் கிளம்பியது. தடதட, கடகட...

பூட்ஸ் வக்கீல் புன்னகையோடு நின்றார். முதலில் அதிகாரியைப் பார்த்தார். அப்புறம் ரோலரைப் பார்த்தார். "இதோ நகர்கிறேன்" என்றார். நகரவில்லை. "நகர்கிறேன்" என்று மறுபடியும் சொன்னார். இடுப்பு நகர்ந்தது, தோள் நகர்ந்தது, தொந்தி கூட நகர்ந்தது. பூட்ஸ் நகரவில்லை. ஒன்றை எப்படியோ பிடுங்கி எடுத்துவிட்டார். இன்னொன்று வருவேனா என்றது.

குனிந்து லேஸை அவிழ்க்கப் பார்த்தார். தொந்தி தடுத்தது. "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார் – அதாவது, வாய் திறந்து மூடியது தெரிந்தது. நாங்கள் எல்லோரும் கத்தினோம். எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. காண்ட்ராக்டர் கொடிக்காரரைப் பார்த்துக் "கொடி, கொடி!" என்று குதித்தார். கொடிக்காரர் குடையை யாரிடம் கொடுப்பது என்று சுற்றுமுற்றும் தேடிக்கொண்டிருந்தார்.

எஸ்தர் யாரையும் தேடவில்லை. ரோலரின் பின்பக்கம் ஓடினாள். ஜல்லிக் குவியலிலிருந்து ஒரு கை அள்ளி வீசினாள் பாருங்கள்... துரைக்கண்ணுவின் தலைக்கு மேல் தகரக் கூரையில் சடசடவென்று விழுந்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பி, அவளைப் பார்த்து, அலறிக்கொண்டு பிரேக்கைத் திருகினார்.

ரோலர் நின்றபோது அதற்கும் பூட்ஸ் வக்கீலுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

நாலு பேர் சேர்ந்து ஆளைப் பூட்ஸிலிருந்து உருவி எடுத்தோம். எடுக்கிற அவசரத்தில் காலுறையோடு தாரில் ஒரு மிதி மிதித்து, நன்றாகச் சுட்டுக்கொண்டார். எஸ்தர் அங்கேயே ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கு நான் தூரத்துல இருந்தேன்... கிட்ட இருந்தா அன்னிக்கும் வீசியிருப்பேனே" என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாசிலாமணி கட்டையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். துரைக்கண்ணு இறங்கி வந்து, அவர் தோளில் கையை வைத்தபடி நின்றார்.

அதிகாரி பூட்ஸ் வக்கீல் பக்கம் திரும்பினார். "ஏன் நகரவில்லை?" என்று கேட்டார்.

"ஒட்டிக்கொண்டது" என்றார் பூட்ஸ் வக்கீல்.

அந்த ஒரு வார்த்தையோடு கேஸ் முடிந்தது. தார் ஊற்றியவர் இவர்தான், ஏறியது ரோலர்தான் என்று துரைக்கண்ணுவும் சொல்லிவிட்டார். மூன்று வாதமும் அந்தத் தாரிலேயே கிடந்தன. சட்டப்படி வரவேண்டியது குறைவில்லாமல் வந்து சேர்ந்தது. எஸ்தர் வீட்டில் இப்போது ஒரு கறவை எருமை நிற்கிறது. பெண்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. பூட்ஸை யாரும் எடுக்கவில்லை. அதன்மேல் ரோடு போட்டுவிட்டார்கள். பெருநகர் பஸ்ஸில் போகிறவர்கள் கவனியுங்கள் – திருப்புலிவனம் தாண்டியதும் ஒரு தூக்கு தூக்கிப் போடும்.

சபாபதி இப்போது வரப்புச் சண்டைக்காரர்களைக் காக்க வைத்துவிட்டு ரோடு வேலைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறான். அவன் சொல்வதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். அடிபட்டால் ஆஸ்பத்திரியில் வெட்கப்படாமல் நடந்ததைச் சொல்லுங்கள். தாமதிக்காமல் முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். காண்ட்ராக்டர் கையை விரித்தால், அவருக்கு வேலை கொடுத்த பெரிய இடத்தையும் கேட்கலாம். ஆரஞ்சுப் பழத்தை வாங்கிச் சாப்பிடுங்கள், தப்பில்லை. அதற்காக அவர் நீட்டுகிற காகிதத்தில் கைநாட்டு மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அன்றைக்கு ரோட்டில் நடந்ததில் ஒன்று பாக்கி இருக்கிறது.

கோபத்தில் காண்ட்ராக்டர் தன் வக்கீலை விட்டுவிட்டே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெயிலில் ஒற்றைப் பூட்ஸோடு நின்றவரைப் பார்த்து எஸ்தர்தான் மனசு கேட்காமல், சுட்ட காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு சாக்கைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். எல்லோருமாக ஜல்லி வண்டியில் மெயின் ரோடு வரை போய்ப் பஸ் ஏறினோம். ஒரே சீட்டில் பூட்ஸ் வக்கீலும் மாசிலாமணியும். கண்டக்டர் சாக்குக் காலைப் பார்த்துப் பதறிப்போனார்.

"இன்னா சார் இது, காலுக்கு இன்னா ஆச்சு?"

பூட்ஸ் வக்கீல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"லாரி" என்றார்.

கண்டக்டர் நம்பாமல் எங்கள் முகத்தைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாசிலாமணியைப் பார்த்தேன். அவர் கட்டையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் நிதானமாகச் சொன்னார் –

"ஆமாம்பா. பெரிய லாரி. நானே பாத்தேன்."