கடலில் விழுந்தவன் திரும்பி வந்த படம்

என் நானாவுக்கு, மூத்த அண்ணனுக்கு, அந்த உளவாளிப் படங்கள் என்றால் பைத்தியம். ஒரு பாகம் விடமாட்டார். போன பாகத்தின் கடைசியில் கதாநாயகன் எரிகிற கப்பலோடு கடலில் மூழ்கிப்போனான். "அவன் மௌத்தாகல்ல. அடுத்ததுல வருவான், பாரு" என்றார் நானா.

அடுத்த பாகம் வருவதற்குள், கற்பிட்டியிலிருந்து மீனுக்குப் போன நானாவின் போட் திரும்பவில்லை. மையத்தும் கிடைக்கவில்லை. மாதங்கள் போனபின், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, மையத்து இல்லாமலே, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை வைப்பதென்று வாப்பா முடிவெடுத்தார். நானாவின் மனைவி, என் மதினி, விதவையாக வீட்டுக்குள் இத்தா இருக்க வெள்ளை உடுப்பும் தைத்தாயிற்று.

வியாழன் பின்னேரம் மதினிதான் கேட்டார்: "அந்தப் படம் வந்திட்டாமே. போடு புள்ள, அவர் இருந்தா பாத்திருப்பார்."

டிவியில் போட்டேன். முதல் காட்சியிலேயே கதாநாயகன் கதவைத் திறந்து உள்ளே வந்தான். சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. எப்படித் தப்பினான் என்று கடைசிவரை யாரும் கேட்கவுமில்லை. மற்றதெல்லாம் பழைய சண்டை, பழைய கார்த் துரத்தல்.

"குப்பப் படம் மதினி," என்றேன். "கடல்ல விழுந்தவன் எப்புடி வந்தானெண்டு ஒரு வார்த்த சொல்றானுகளா?"

மதினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்புடி வந்தா என்ன புள்ள, வந்திட்டான்தானே."

எழும்பிப் போய், கதிரையில் மடித்து வைத்திருந்த வெள்ளை உடுப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "நாளைக்குத் தொழுகை வேணாமெண்டு வாப்பாட்ட சொல்லு."

படத்தின் கதை எனக்கு மறந்துவிட்டது. ஆனால் யாராவது கதவைத் தட்டினால், இப்போது மதினிக்கு முந்தி எழும்புவது நான்தான். வந்தவரின் முகத்தைப் பார்க்கமுதல், சட்டை நனைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.