கச்சானில் ஒரு மாதம்

பள்ளிவாசல்துறை மீனவன் றிஸ்கானுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் கொஞ்சத் தூரத்துக்கு அப்பால் எல்லாம் புகைதான். போட்டாலோ, கடல் தண்ணீர் தெறித்துக் கண்ணாடியில் உப்புப் பூத்துவிடும். போன மாதம் வேறொருவரின் மிதப்பைத் தன்னுடையதென்று நினைத்து, அவருடைய வலையைப் பாதிவரை இழுத்துவிட்டான். கரையில் அதற்குப் பெயர் களவு. கெஞ்சிக் கூத்தாடித் தப்பி வந்தவனிடம் படகுக்காரன் ஃபைஸல் சொன்னான்: "இன்னொருக்கா இப்புடி நடந்தா ஒன்ன ஏத்திப் போக ஏலா, மச்சான்."

கண் டாக்டர் லேசர் செய்யலாம் என்றார். ஆனால் செய்தபின் ஒரு மாதத்துக்குக் கடல் தண்ணீரும் மணலும் கண்ணில் படக்கூடாதாம். றிஸ்கானுக்கு அங்கேதான் இடித்தது. தொழில் நடக்கிற காலத்தில் தண்ணீர். தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக்குப் படகைக் கரையேற்றினால் ஊரெல்லாம் மணல்.

"கச்சானுக்கு வண்ணாத்திவில்லு போவம். உம்மாட வளவு முழுக்க மரம், மணல் வராது," என்றாள் மனைவி மபாஸா.

"ஒரு மாசம் மாமி ஊட்டயா? ஊரு சிரிக்கும்."

"அடுத்தவன்ட வலய இழுத்தப்ப சிரிக்கல்லயா?"

வாசலில் நின்ற ஃபைஸல் அப்போதே சிரித்துவிட்டான். "போ மச்சான். மாமிட சோத்துல கொழுத்து வந்தியெண்டா படகு தாழும், அதுதான் பயம்."

றிஸ்கானின் பயம் வேறு. கண்ணில் கைவைக்கிற பயம். இருந்தாலும் டாக்டருக்கு ஃபோன் எடுத்து, கச்சான் எழும்புகிற மாதத்தில் லேசருக்கு ஒரு நாள் குறித்துத் தரக் கேட்டான்.