வாழைக்குள் ஒரு வட்டம்

நீர்வேலியில் எங்கள் பக்கத்து வளவுக்காரர் சீவரத்தினத்தார், நில அளவைக் கந்தோரில் படம் கீறியவர். ஓய்வு பெற்று வரும்போது, அங்கே கழித்துப் போட்ட, எங்கள் ஊரை விமானத்திலிருந்து எடுத்த இரண்டு பழைய ஆகாயப் படங்களையும் ஒரு இரட்டைக் கண்ணாடியையும் கொண்டுவந்தார். படங்களைப் பக்கத்துப் பக்கமாக வைத்துக் கண்ணாடியால் பார்த்தால் ஊர் எழும்பி நிற்கும். பனை வட்டுகள் மூக்கில் முட்டும். தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்தாலும் மனுசன் இறங்கி வரமாட்டார்.

அவருடைய சொந்த வாழைத்தோட்டத்தில், கிணற்றடியில், ஒரு மங்கலான வட்டம் தெரிந்தது. கோடையில் எடுத்த படம். சுற்றிவர எல்லாம் வெளிறிக் கிடக்க, வட்டம் மட்டும் கறுத்திருந்தது.

"ஆரோ ஆதியிலை வெட்டின அகழி. மண் ஆழமாய்க் கிடக்கிறதாலை ஈரம் நிக்குது," என்பார். அதற்குள் யார் யார் நடந்து திரிந்தார்கள் என்று பகல் முழுக்கக் கனவு காண்பார். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

தொண்ணூறில் குண்டு போடப் பொம்பர் வரத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பதுங்கிக்கொள்ளப் பங்கர் வெட்டினோம்.

"இஞ்சருங்கோ, வாழைக்குள்ளை வெட்டுவம். அங்கைதான் மண் இளக்கம்," என்றார் அவர் மனைவி செல்வநாயகி அக்கா.

"வட்டத்திலை கை வைக்கேலாது."

வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் வெட்டினார். ஒரு முழத்தில் சுண்ணாம்புக் கல். நாலு நாள் அலவாங்கால் இடித்தும் முழங்கால் ஆழம்தான். ஐந்தாம் நாள் பொம்பர் வந்தபோது இருவரும் அதற்குள் குப்புறப் படுத்தார்கள். அக்காவின் முதுகு வெளியே. குண்டில் சிதறிய கூரை ஓட்டுத் துண்டொன்று அவர் தோளைக் கிழித்தது. எனக்கு அந்த மனுசன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அக்காவின் காயத்துக்குக் கட்டுப் போட்ட கையோடு சீவரத்தினத்தார் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாழைக்குள் போனார். மண் இளகிக்கொண்டு வந்தது. நெஞ்சளவு ஆழத்தில் கறுப்பும் சிவப்புமாகச் சட்டி ஓடுகள், பிறகு ஒரு பானையின் வாய். படம் பொய் சொல்லவில்லை. குழிக்குள் நின்று அழுதார். பானையை அசைக்காமல் பக்கச் சுவரிலேயே விட்டுப் பங்கரை முடித்தார்.

ஐந்து வருடம் அந்தப் பானையோடு ஒண்டி இருந்துதான் இருவரும் உயிர் தப்பினார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்க, வலிகாமப் பகுதி முழுதுமே ஊரை விட்டு வெளிக்கிட்டது. ஊர் பெட்டியோடு ஓட, இவர் பங்கரை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்ன விசரே? ஆர் வந்து பாக்கப்போகினம்?" என்று அக்கா கத்தினார்.

"மேலை இருந்து ஒருநாள் ஆரும் படம் எடுப்பினம். வட்டத்துக்குக் குறுக்காலை ஒரு நீட்டுக் கறுப்புத் தெரியும். இதுக்குள்ளை ரெண்டுபேர் உயிரோடை இருந்திருக்கினம் எண்டு விளங்கும்."

அக்கா பெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப வடிவாய் மூடுங்கோ," என்று சொல்லிக் காலால் மண்ணைத் தள்ளினார்.